நோய்க்கால வழிபாடு: கிள்ளான் பள்ளத்தாக்கில் இணையம் ஏந்தியதும் ஏந்தாததும்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என வழங்கும் பகுதி, பழைய செங்கற்சூளைகளால் அப்பெயர் பெற்றது. புகைவண்டித் தொழிலை நம்பி வந்த தமிழரும், இலங்கைத் தமிழரும், சிங்களவரும், சீனரும் ஆங்கு அடுத்தடுத்துக் குடியேறினர். குடியேறியோர் தத்தம் வழிபாட்டிற்கு ஓர் இடத்தை முதலில் அமைத்துக்கொண்டனர். ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. சிங்கள பௌத்தர் 1894 இல் நிறுவிய மகா விகாரை இருக்கிறது. லுத்தரன் திருச்சபையின் சீயோன் பேராலயமும், கத்தோலிக்கரின் பாத்திமா அன்னை ஆலயமும், முஸ்லிம்களின் மதரசாவும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு 18 ஆம் நாள், கோவிட் நோயின் பொருட்டு மலேசிய அரசு பிறப்பித்த மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அன்று இவை அனைத்தின் கதவுகளும் ஒருசேர அடைபட்டன.

சில வாரங்களுக்குள் இவ்விடங்கள் பலவற்றிலிருந்தும் ஒளிபரப்புத் தொடங்கிற்று. முகநூலில் பூசை வந்தது. வலையொளியில் திருப்பலி வந்தது. ஜூம் திரையில் அறவுரை வந்தது. ‘சமயம் இணையத்திற்குக் குடிபெயர்ந்தது’ என்று அப்பொழுது பலரும் சொல்லினர். அச்சொல் முழு உண்மை ஆகாது. எல்லாச் சமயத்தாரும் ஒரே கருவியைக் கையாண்டனர். ஆயின் அக்கருவியால் அவரவர் பெற்றது ஒன்றாக இருக்கவில்லை. ஏன் அவ்வாறு வேறுபட்டது என்பது ஆராயத்தக்கது.

வழிபாட்டிடங்கள் விரைந்து அடைபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 பெப்ரவரி இறுதியில் கோலாலம்பூரின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் ஒரு பெருங்கூட்டம் நடைபெற்றது. பல நாட்டினருமாக ஏறத்தாழ 16,000 பேர் அதிற் கலந்துகொண்டனர். நாட்டில் நோய் முதலிற் பெருகிப் பரவியது அக்கூட்டத்தின் வழியே என்பது பின்னர்த் தெரிந்தது. அதே மாதத்தில் தென்கொரியாவின் டேகு நகரில் ஒரு கிறித்தவப் பிரிவினரின் கூட்டத்தாலும் இந்நிலையே நேர்ந்தது. இதில் எந்தச் சமயத்தையும் பழிப்பதற்கு இடமில்லை. நெருங்கியிருத்தல், உடன் ஓதுதல், உடன் உண்ணுதல் ஆகிய இவை எங்கும் கூட்டு வழிபாட்டின் இயல்புகள். இந்நோய்க்கு வழியும் அவையே ஆயின.

தமிழருக்கு இதில் ஒரு முரண் இருந்தது. அவர்கள் மரபில் கொள்ளைநோய் வந்தால் ஊர் கூடும், மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும், வேப்பிலை கட்டும், கரகம் எடுக்கும். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் அரிது. காய்ச்சலுக்கும் அம்மைக்கும் அஞ்சிய கூலி மக்கள் முதலில் நட்ட கல் அவளுடையதாகவே இருந்தது. தம்புசாமிப் பிள்ளை 1873 இல் கோலாலம்பூரில் தோற்றுவித்த கோயிலும் மகா மாரியம்மனுக்கு உரியதே. நோய் கண்டால் எவள் வாயிலுக்கு ஓடினார்களோ, அவள் வாயிலையே நோய் காரணமாக அடைக்க நேர்ந்தது. முதியோர் பலர்க்கு இது சட்டத்தைக் காட்டிலும் மிகப் பெரிய அதிர்ச்சியாயிற்று.

ஆனால், கோயிற் கதவு அடைபட்டதே ஒழியப் பூசை நிற்கவில்லை. சைவ ஆகமங்கள் பூசையை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இரண்டாகப் பகுக்கும். ஒருவன் தன் நலம் கருதித் தன் இல்லத்தில் செய்வது ஆன்மார்த்தம். உலக நலம் கருதிக் கோயிலில் குருக்கள் செய்வது பரார்த்தம். பின்னதற்குக் காண்போர் கூட்டம் இன்றியமையாதது அன்று. ஒருவரும் வாராத நள்ளிரவிலும் அர்த்தசாம பூசை நடந்தாக வேண்டும். கோயிற் பூசை தவறினால் நாட்டிற்கும் வேந்தர்க்கும் தீங்கு வரும் என்பது திருமூலர் கருத்து. ஆகவே ஊரடங்கிய நாள்களிலும் குருக்கள் அடைத்த கதவிற்குப் பின்னே நீராட்டி, அமுதூட்டி, ஆரத்தி காட்டிவந்தனர். அதனைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியபோது இணையத்தின் வழியே சென்றது காட்சி மட்டுமே. பூசை கருவறையிலேயே இருந்தது. செய்பவர் தம் இடத்தில் நின்றார். காண்பவர் இடம் மட்டும் மாறியது.

காண்டலுக்கு நம் மரபில் உள்ள மதிப்புப் பெரிது. சாமி கும்பிடப் போவதைத் ‘தரிசனம்’ என்று வழங்குகிறோம். ஆகவே இந்துக் கோயில்களுக்குத் திரை எளிதாகப் பொருந்தியது. குளித்து, நீறணிந்து, தொலைக்காட்சிக்கு முன் விளக்கேற்றி வைத்து, ஆரத்தி தோன்றும்போது திரையை நோக்கிக் கைகுவித்த தாய்மார் பலர். திரையிற் காணும் சுடரை ஒற்றிக் கண்ணில் வைக்க இயலுமா என்று இளைஞர் நகைத்ததும் உண்டு. நகைப்பிற்கு இடம் உண்டு. ஆயினும் கோபுர தரிசனத்திற்காகத் தெருவில் நின்றே தொழும் மக்களுக்குத் தொலைவு ஒரு தடையாக என்றும் இருந்ததில்லை.

அருச்சனையும் இவ்வாறே. பெயரும் நட்சத்திரமும் புலனத்தின் வழியே அனுப்பினால், குருக்கள் அவற்றைச் சொல்லிச் சங்கற்பம் செய்தார். காணிக்கை வங்கி வழியே சென்றது. இது புதுமை போலத் தோன்றும், உண்மையில் பழையது. மலாயாத் தமிழர் பழனிக்கும் தம் ஊர்க் குலதெய்வத்திற்கும் அஞ்சலில் பணம் அனுப்பி, திருநீறும் குங்குமமும் தபாலில் பெற்ற வழக்கம் நெடுங்காலத்தது. வராதவர் பெயராலும் அருச்சனை செய்யலாம் என்னும் இசைவு முன்னமே மரபில் இருந்தது. அவ்விசைவு இருந்த இடத்தில் இணையம் தடையின்றி நுழைந்தது.

இந்நாள்களில் சொற்பொழிவாளர் பலரும் பூசலார் நாயனாரை நினைவுகூர்ந்தனர். திருநின்றவூரில் பொருளில்லாத அவ்வந்தணர், மனத்திலேயே கல்லும் மரமும் தேடி, மனத்திலேயே கோயில் எடுத்துக் குடமுழுக்கு நாளும் குறித்தார். அந்நாளையே காஞ்சியில் தன் கற்றளிக்குக் குறித்திருந்த பல்லவ மன்னனிடம், நாளை மாற்றுமாறு சிவபெருமான் கனவிற் பணித்தார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. கோயிலுக்குப் போகாமலே வழிபடலாம் என்பதற்கு இதனைச் சான்று காட்டினர். சான்று பொருத்தமே, ஆனால் எதற்கு என்பதில் கருத்து வேண்டும். பூசலார் எதையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லர். அடிநிலை முதல் சிகரம் வரை ஒவ்வொரு கல்லையும் தாமே வைத்தவர். கட்டில் அருகே காப்பிக் குவளையோடு ஆரத்தியைப் பார்த்திருப்பதற்கு அவரைத் துணைக்கு அழைப்பது அவருக்குப் பொருந்தாது. திரையை அணைத்துவிட்டு நெஞ்சுள் பூசை செய்தவர்க்கே அவர் முன்னோடி.

பள்ளிவாசலின் நிலை இதற்கு நேர்மாறானது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூட்டமே உயிர். இமாமின் பின்னே தோளோடு தோள் வரிசையாக நிற்பது அத்தொழுகையின் உறுப்பு. அங்கே காண்போர் என்று ஒரு பிரிவு இல்லை. வந்தவர் அனைவரும் செய்வோரே. ஆகவே திரையில் தோன்றும் இமாமைப் பின்பற்றி வீட்டில் நின்று தொழுவது அக்கூட்டுத் தொழுகை ஆகாது என்று மார்க்க அறிஞரிற் பெரும்பாலோர் தெளிவுறுத்தினர். வெள்ளிக்கிழமையில் அதற்கு ஈடாக வீட்டில் வழக்கமான நண்பகல் தொழுகையைத் தொழலாம் என்ற விதி முன்னமே இருந்தது. 2020 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய ரமலானில் தராவீஹ் தொழுகையைக் குடும்பத் தலைவரே இமாமாக நின்று இல்லந்தோறும் நடத்தினர். தமிழில் வெள்ளிக்கிழமை உரை நிகழ்வதற்குப் பெயர்பெற்ற மஸ்ஜித் இந்தியாவும் அமைதியில் ஆழ்ந்தது. இணையத்தில் சென்றது சமயச் சொற்பொழிவு, திருக்குர்ஆன் பாடம், ஜகாத் செலுத்துதல் ஆகியவையே. தொழுகை செல்லவில்லை. கருவியை நன்கு பயன்படுத்திக்கொண்டே அதற்கு ஓர் எல்லையும் வகுத்தது இங்கே கருதத்தக்கது.

கிறித்தவரிடையே இரு நிலைகள் காணப்பட்டன. திருச்சபைகளில் சொல்லுக்கு முதலிடம் தருவன சீர்திருத்தச் சபைகள். மறையுரையும் பாடலும் வேண்டுதலும் திரையில் தடையின்றிச் சென்றன. திருவிருந்தை மட்டும் என் செய்வது என்பதில் உலகெங்கும் கருத்து வேறுபட்டது. அவரவர் வீட்டில் அப்பமும் திராட்சை இரசமும் வைத்துக்கொண்டு ஆயரின் சொல்லோடு உண்ணலாம் என்றனர் சிலர். கூடும் நாள் வரை பொறுத்திருப்பதே முறை என்றனர் சிலர். கத்தோலிக்கருக்கு ஐயம் குறைவு. குருவானவர் தனியே ஒப்புக்கொடுக்கும் பலியும் நிறைவான பலியே, அதனைக் காட்டலாம். ஆனால் நற்கருணையை வாயில் வாங்காமல் வாங்கியதாகாது. ஆதலின் உள்ளத்தால் அதனை வேண்டிக்கொள்ளும் பழைய வேண்டுதல் முறை மீண்டும் வழக்கிற்கு வந்தது. இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002 ஆம் ஆண்டிலேயே ஓர் ஆவணத்தில் வரையறுத்திருந்தது. 2020 மார்ச்சு 27 மாலை, மழை பெய்யும் ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று வேண்டியதைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இருந்த தமிழ்க் கத்தோலிக்கரும் திரையிற் கண்டனர்.

பௌத்த விகாரையில் அவ்வாண்டு மே 7 ஆம் நாள் வந்த விசாக நாளுக்கு ஊர்வலம் இல்லை. ஓதுதலும் அறவுரையும் இணையத்திற் கேட்கப்பட்டன.

இனி, திரையால் எவ்வகையாலும் ஏந்த இயலாதவற்றைக் காண வேண்டும். அவற்றுள் முதன்மையானது ஈமக்கடன். கோயிற் பூசையில் செய்பவர் குருக்கள். ஈமக்கடனில் செய்பவன் மகன். அவனையே கர்த்தா என்பர். புரோகிதரும் ஓதுவாரும் வழிகாட்டுவோர் மட்டுமே. ஆகவே புரோகிதர் ஜூம் திரையில் இருந்து சொல்லச் சொல்ல, மகன் வீட்டிலிருந்தே எள்ளும் நீரும் இறைப்பது கைகூடியது. பதினாறாம் நாட் கருமக்கிரியைகள் பல இவ்வாறு நடந்தேறின. மகன் திரைக்கு அப்பால் இருந்தாலோ செய்வதற்கு ஒன்றும் இல்லை. 2021 ஆம் ஆண்டின் நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நோய் உச்சத்தை அடைந்தபோது, மாநில எல்லை கடக்கத் தடை இருந்தது. அத்தடை அக்டோபர் 11 ஆம் நாள்தான் நீங்கியது. நோயால் இறந்தவரைக் குளிப்பாட்டவோ, வாய்க்கரிசி இடவோ, வீட்டிற்குக் கொண்டுவரவோ வழியில்லை. ஓரிருவர் மட்டும் சுடலைக்குச் செல்ல, மற்றையோர் கைப்பேசியிற் பார்த்தனர்.

தமிழகத்திலிருந்து வந்து உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் உழைத்த இளைஞர் நிலை இன்னும் கொடியது. மலேசிய எல்லைகள் 2022 ஏப்ரல் முதல் நாள் வரை பொதுப் பயணத்திற்குத் திறக்கப்படவில்லை. ஊரில் தந்தை இறந்தால், தலைமகன் பிரிக்பீல்ட்சின் ஒரு மாடி அறையில் அமர்ந்து, தம்பியோ பங்காளியோ கொள்ளியிடுவதைக் கையகலத் திரையில் காண வேண்டியிருந்தது. மகன் இல்லாவிடத்துப் பங்காளி செய்யலாம் என்று மரபு இடம் தருகிறது. சடங்கு குறைவின்றி முடிந்தது என்றே சாத்திரம் கூறும். மொட்டையடித்த தலையோடு மறுநாள் வேலைக்குச் சென்றவனுக்கு அது போதுமானதாக இருந்ததா என்பது சாத்திரத்திற்கு அப்பாற்பட்டது.

இங்கே இன்னொன்றையும் கூறல் வேண்டும். கோயிலை விட்டு நீங்கிய வழிபாடு முழுவதும் இணையத்திற்குச் செல்லவில்லை. பெரும்பகுதி வீட்டிற்கே திரும்பியது. கிள்ளான் சுந்தரராசப் பெருமாள் கோயில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருங்கூட்டம் கூடும் இடம். 2020 அக்டோபர் 9 ஆம் நாள் கிள்ளான் மாவட்டத்தில் கட்டுப்பாடு மீண்டும் இறுகியது. மறுநாள் அவ்வாண்டுப் புரட்டாசியின் இறுதிச் சனிக்கிழமை. ஆனால் தளிகை போடுதலும் மாவிளக்கு ஏற்றுதலும் தொன்றுதொட்டு இல்லத்துப் பெண்களின் கையில் இருப்பவை. அவற்றிற்குக் கோயிலும் வேண்டியதில்லை, அலைவரிசையும் வேண்டியதில்லை. இணைய இணைப்பிற்குப் பணம் இல்லாத அடுக்ககக் குடும்பங்களும், கைப்பேசியை இயக்கத் தெரியாத பாட்டிமாரும் நோய்க்காலத்தில் சமயத்தை இழந்துவிடாமல் இருந்தமைக்கு இதுவே காரணம் எனலாம். திரையைப் பற்றி எழுதுவோர் அடுப்படியை மறந்துவிடுகின்றனர்.

தைப்பூசம் இவை எல்லாவற்றிற்கும் உரைகல்லாக அமைந்தது. பத்துமலைக் குகையில் 1892 முதல் அவ்விழா நடந்து வருகிறது என்பர். முதல் நாள் இரவில் துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட, வழிநெடுகத் தேங்காய் உடைத்து மக்கள் நடப்பர். மறுநாள் காவடிகள் 272 படிகள் ஏறும். 2020 பெப்ரவரி 8 ஆம் நாள் நடந்த பூசத்தில் கூட்டத்திற்குக் குறைவில்லை. நோய் அப்பொழுது நாட்டின் வாயிலில் இருந்தது. அடுத்த பூசம் 2021 சனவரி 28 ஆம் நாள் வந்தது. அதற்கு இரு வாரம் முன்னரே கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் கடுங்கட்டுப்பாடு மீண்டிருந்தது. தேர் மட்டும் மக்கள் கூட்டமின்றிப் பத்துமலை செல்ல இசைவு கிடைத்தது. மலையில் குருக்கள் செய்ய வேண்டிய பூசைகள் அடியார் இல்லாமலே நடந்தன. மக்கள் வீட்டிலிருந்து கண்டனர்.

முன் கூறியவற்றை வைத்து நோக்கினால் அவ்வாண்டுத் தைப்பூசம் நடந்தது என்றும் கூறலாம். நடக்கவில்லை என்றும் கூறலாம். தேவஸ்தானத்தின் விழா நடந்தது. அடியாரின் விழா நடக்கவில்லை. காவடியில் செய்பவர் குருக்கள் அல்லர், நேர்ந்துகொண்டவர். பிள்ளைக்கு உடல் நலம் வேண்டியோ, வேலை வேண்டியோ ஒருவர் முருகனோடு செய்துகொண்ட உடன்படிக்கை அது. அதற்கு விலை அவர் உடம்பு: நாற்பத்தெட்டு நாள் நோன்பு, அலகு, தோட்சுமை, படியேற்றம். இதனை இன்னொருவர் செய்ய, நேர்ந்தவர் பார்த்திருத்தல் இயலாது. பெயரும் நட்சத்திரமும் அனுப்பினால் அருச்சனை நிறைவேறும், காவடி நிறைவேறாது.

நேர்த்திக்கடனைக் குறித்த நாளிற் செலுத்த இயலாவிடில் செய்வது யாது என்பதற்கும் தமிழ் வீடுகளில் விடை உண்டு. ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்தின் முன் வைத்து, தவணை கேட்பர். 2021 இல் மஞ்சள் முடிச்சு வைத்த குடும்பங்களுக்கு அடுத்த ஆண்டும் விடுதலை முழுமையாகக் கிட்டவில்லை. 2022 சனவரி 18 ஆம் நாள் நடந்த பூசத்தில், தடுப்பூசி, நேர ஒதுக்கீடு முதலிய வரையறைகளோடு பால்குடம் எடுக்க இசைவு தரப்பட்டது, காவடிக்குத் தரப்படவில்லை. பால்குடம் எடுத்தால் காவடிக் கடன் தீருமா என்ற வினா அப்பொழுது பல வீடுகளில் எழுந்தது. தீரும் என்று பெரியவர் சிலர் ஆறுதல் கூறினர். நேர்ந்தபடி செய்தாலன்றித் தீராது என்றோரும் உண்டு.

2023 பெப்ரவரி 5 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பத்துமலையில் தைப்பூசம் பழையபடி நடந்தது. ஒளிபரப்பும் நடந்தது, நோயாளரும் கடல் கடந்து வாழ்வோரும் அதனைக் கண்டனர். காவடிகள் படியேறின. இரண்டு ஆண்டுகள் காத்திருந்த மஞ்சள் முடிச்சுகள் அவிழ்க்கப்பட்டு, அவற்றின் காசுகள் உண்டியலிற் சேர்ந்தன.